கவுதாரி எழுதிய வழி

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று கேட்டால் எனக்கும் தெரியாது, வழி எழுதக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. கதையைக் கேட்கும்போது கோபம் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளே. இது கோபப்பட வேண்டிய கதைதான்.

அந்தக் காட்டின் தென்பாதியில் சித்திரை பிறந்தால் போதும், குட்டைகள் எல்லாம் வறண்டு பாளம் பாளமாக வெடித்துவிடும். தண்ணீர் இருப்பது வடக்கே ஒரே ஒரு மடுவில்தான். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த மடு எங்கே என்று தெரியாது. அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வழியைப் பனையோலையில் எழுதுவார்கள். அதற்கு வழியோலை என்று பெயர். காட்டு நடுவில் நிற்கும் வாகை மரத்தில் அதைக் கட்டிவிட்டால், வருகிறவர்கள் படித்துப் பார்த்து நடந்து போவார்கள்.

ஆனால் எழுதியவுடன் கட்டிவிட முடியாது. கூடப் படிக்கிறவர்கள் வாகை மரத்திலிருந்து மடு வரைக்கும் அந்த வழியில் நடக்க வேண்டும். நடந்து பார்த்ததை இன்னோர் ஓலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பார்வையோலை. மூன்று பார்வையோலை சேர்ந்தால்தான் வழியோலை மரத்தில் ஏறும்.

வாத்தியார் ஒரு கரடி. எண்ணுவதில் மகா கெட்டிக்காரர். படிப்பதென்றால் மட்டும் கொட்டாவி வரும்.

அந்த வருஷம் முதலில் எழுதி முடித்தது கவுதாரி. அது ரோஷக்காரி. தரையில் ஓடித் திரிகிற பறவை எழுதிய வழி ஒன்றுகூட இதுவரை வாகை மரத்தில் ஏறியதில்லை. தன்னுடையது ஏறியே தீர வேண்டும் என்று அதற்குப் பிடிவாதம். தினமும் தான் போய்வருகிற வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, நான்கே வரியில் எழுதியது:

"வாகை மரத்திலிருந்து காலைச் சூரியனை வலப்பக்கம் வைத்து நடக்கவும். கிளை முறிந்த இலந்தையில் இடப்பக்கம் திரும்பவும். கறுப்புப் பாறை வரும். அங்கிருந்து நேராகப் போனால் மடு."

கவுதாரி ஓலையை எடுத்துக்கொண்டு ஓடியது. நாவல் மரத்து நிழலில் நரியும் குரங்கும் மயிலும் உட்கார்ந்திருந்தன. முள்ளம்பன்றி கொஞ்சம் தள்ளி, உதிர்ந்த தன் முட்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் எழுத்தாணி அந்த முட்கள்தான்.

"நாலு பேரும் நடந்து பார்த்துட்டு நாளைக்குள்ள எழுதிக் கொடுத்துடுங்க," என்றது கவுதாரி. "நாளன்னைக்குத் தெற்கேயிருந்து மான் வருதாம்."

"கொடுத்துட்டாப் போச்சு, தங்கச்சி," என்றது நரி.

கவுதாரி மறைந்ததும் குரங்கு எழுந்து வாலை உதறியது. "கிளம்பலாமா, அண்ணே?"

"எங்கே?"

"நடக்கத்தான்."

"இந்த வெயில்லயா? மூளை உருகிப்போச்சா உனக்கு?" நரி கால்களை நீட்டிக்கொண்டது. "வாத்தியார் ஓலையை எண்ணுவார். என்னைக்காவது படிச்சுப் பார்த்திருக்கியா? அருமைன்னு எழுதினா கவுதாரிக்குச் சந்தோஷம். அப்புறம் என் ஓலைக்கு அவ அருமைன்னு எழுதுவா, எனக்குச் சந்தோஷம். இதுல யாருக்கு நஷ்டம், சொல்லு?"

கேட்டீர்களா பேச்சை! யாருக்கு நஷ்டமாம்!

நரி ஓலையை மடியில் வைத்து எழுதியது: "மிக அருமையான வழி. நடக்க நடக்க ஆனந்தம். இன்னும் நிறைய எழுதவும்." நடுவில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதி அடித்தும் வைத்தது.

குரங்கு எட்டிப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டது. அந்த அடித்தலையும் விடாமல் போட்டது.

மயில் மட்டும் வழியோலையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. பிறகு நிதானமாக எழுதியது: "எழுத்தின் வளைவுகள் என் கழுத்தைப் போல இருக்கின்றன. ஓலை ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்."

"நான் குறையும் சொல்லியிருக்கேன், கவனிச்சீங்களா?" என்று பெருமைப்பட்டுக்கொண்டது.

மூன்று ஓலையும் முடிந்தன. மூன்றும் நிழலைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

முள்ளம்பன்றி போனது. பகல் வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசும். கால்களும் குட்டை. இருந்தாலும் வாகை மரத்தடிக்குப் போய், ஓலையில் இருந்தபடியே ஒவ்வொரு வரியாக நடந்தது. காலைச் சூரியன் என்று எழுதியிருந்ததால், மறுநாள் விடிகிற வரை காத்திருந்து நடந்தது. இலந்தை வந்தது. திரும்பியது. கறுப்புப் பாறை வந்தது. அங்கிருந்து நேராகப் போனது.

இருபது எட்டு வைத்திருக்கும். காய்ந்த புல்லுக்குள் முன்கால் இரண்டும் காற்றில் விழுந்தன. பின்காலை ஊன்றிக்கொண்டு எப்படியோ நின்றது. ஒரு கல் மட்டும் உருண்டது. அது அடியில் போய் விழுந்த சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது.

புல்லை விலக்கிப் பார்த்தால், பெரிய பள்ளம். பழைய வெள்ளம் அறுத்துப் போட்டது.

முள்ளம்பன்றிக்கு உடம்பில் இருந்த முள் அத்தனையும் நட்டுக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்து எழுதியது: "இதுக்குப் பேர் வழியா? எழுதினவளுக்குக் கண் இருக்கா, இல்லையா?"

எழுதிவிட்டு ஒரு தடவை படித்தது.

"இதைக் கொடுத்தா அவ சண்டைக்கு வருவா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டது. "சண்டை முடியறதுக்குள்ள மான் வந்துடும். பள்ளம் இங்கேயேதான் இருக்கும்."

அந்த ஓலையை மென்று துப்பியது. எழுந்து பள்ளத்தின் ஓரமாகவே நடந்தது. வலப்பக்கம் ஒரு மருத மரத்தடியில் பள்ளம் முடிந்து தரை சேர்ந்திருந்தது. அந்த வழியாக மடு வரைக்கும் போய், தண்ணீரில் மூக்கை நனைத்துவிட்டு, இன்னோர் ஓலையை எடுத்தது:

"கவுதாரி, உன் முதல் இரண்டு வரியில் நான் ஓர் இடத்தில்கூட நின்று யோசிக்கவில்லை. கிளை முறிந்த இலந்தை என்று நீ அடையாளம் சொன்னது நன்றாக உதவியது. ஆனால் கறுப்புப் பாறையிலிருந்து நேராக இருபது எட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. புல் மூடியிருப்பதால் தெரியாது. நீ அந்த இடத்தைப் பறந்து தாண்டுகிறாய் என்று நினைக்கிறேன். நடந்து வருகிறவர் விழுந்துவிடுவார். பாறையிலிருந்து வலப்பக்கம் மருத மரம் வரை போய்த் திரும்பினால் தரைவழியாகவே மடுவுக்கு வரலாம். நான் வந்தேன். இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் உன் வழியில் யாரும் போகலாம்."

அன்று சாயங்காலம் நான்கு பார்வையோலையும் கவுதாரியிடம் வந்தன. முதல் மூன்றையும் படித்தபோது அதற்குக் கழுத்து இரண்டு விரற்கடை நீண்டது. நான்காவதை எடுத்தது. "பள்ளம்" என்ற சொல்லுக்கு வந்ததும் ஓலையைத் தரையில் அடித்தது.

"பள்ளமா? தினமும் நான் போற வழியில எனக்குத் தெரியாத பள்ளமா?"

"முழுசாப் படி, கவுதாரி," என்றது முள்ளம்பன்றி.

"என்னத்தை முழுசாப் படிக்கிறது? உடம்பெல்லாம் முள்ளு வச்சிருக்கே, அது போதாதுன்னு ஓலையிலயும் முள்ளா? நரியண்ணே, நீங்க நடந்தீங்களே, பள்ளம் இருந்துச்சா?"

"பள்ளமா?" நரி சிரித்தது. "பாய் விரிச்ச மாதிரி இருந்துச்சு, தங்கச்சி. இதுக்குப் பேர் பொறாமை."

"பாய் விரிச்ச மாதிரி," என்றது குரங்கு.

"வாத்தியாரே, நீங்களாவது இந்த நாலாவது ஓலையைப் படிச்சுப் பாருங்க," என்று முள்ளம்பன்றி கெஞ்சியது.

கரடி வாத்தியார் ஓலைகளை வாங்கி எண்ணினார். "மூணு வேணும். நாலு இருக்கு. ஒண்ணு உபரி. அதை எதுக்கு நான் படிக்கணும்? கட்டுங்கப்பா."

கவுதாரியின் ஓலை வாகை மரத்தில் ஏறியது.

மறுநாள் காலையில் மான் வந்தது. கூட ஒரு குட்டி. பிறந்து நாலு நாள்தான். நிற்கும்போதே கால்கள் நான்கும் நான்கு பக்கம் போயின. வழியோலை கட்டியிருந்த மரத்தடியில் பள்ளிக்கூடமே கூடியிருந்தது. முள்ளம்பன்றி எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தது.

"முந்தாநாளிலேர்ந்து எனக்குத் தண்ணி இல்லை," என்றது மான். அதன் உதடு வெடித்திருந்தது. "பால் வத்திப்போச்சு. இன்னைக்கு மடுவுக்குப் போய்ச் சேரலைன்னா இவன் பிழைக்க மாட்டான். இந்த வழியை யாராவது நடந்து பார்த்தாங்களா?"

"மூணு பேர்," என்றார் கரடி வாத்தியார்.

"போகாதீங்க அக்கா," என்றது முள்ளம்பன்றி. "நானும் நடந்தேன். பாறைக்கு அந்தாண்டை பள்ளம் இருக்கு."

"ஆரம்பிச்சுட்டான்," என்றது நரி. "மூணு பேர் சொல்றது பொய், இவன் ஒருத்தன் சொல்றது நிஜமா? நீங்க போங்க அக்கா."

மான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. முள்ளம்பன்றிக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தினால் யாரும் கேட்கப் போவதில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டது.

"சரி அக்கா, என் பேச்சை நம்ப வேண்டாம். நடந்து பார்த்த இவங்க மூணு பேரும் முன்னால போகட்டும். நீங்க பின்னால போங்க. தெரிஞ்ச வழிதானே அவங்களுக்கு?"

"அது நல்ல யோசனை," என்றது மான்.

மூன்றுக்கும் முகம் மாறியது.

"எனக்கு இன்னைக்கு முட்டி வலி," என்றது நரி.

"எனக்குத் தோகையில தூசி படியும்," என்றது மயில்.

"நான் கிளை வழியா வர்றேன்," என்றது குரங்கு.

"நீங்க எழுதினப்பவும் கிளை வழியாத்தான் நடந்தீங்களா, தம்பி?" என்று கேட்டது மான்.

கவுதாரிக்கு முதல் தடவையாக என்னவோ உறுத்தியது. "ஏன் அண்ணே இப்படி நழுவுறீங்க? நடக்க நடக்க ஆனந்தம்னு நீங்கதானே எழுதினீங்க? இன்னும் ஒரு தடவை ஆனந்தமா நடங்களேன்!"

இத்தனை பேருக்கு முன்னால் பின்வாங்க முடியாமல் நரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. குரங்கும் மயிலும் ஒட்டியும் ஒட்டாமலும் அதன் பின்னால் போயின. அடுத்து மானும் குட்டியும். கடைசியில் கவுதாரியும் முள்ளம்பன்றியும் வாத்தியாரும்.

கறுப்புப் பாறை வந்தது.

"நரியண்ணே, இனிமேல் பார்த்துப் போங்க," என்று முள்ளம்பன்றி பின்னாலிருந்து குரல் கொடுத்தது.

"நான் நடந்த வழியை நீ எனக்குச் சொல்றியா?" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு நரி எட்டி நடைபோட்டது. ஆடுகிற அதன் வாலைப் பிடிக்கிற விளையாட்டில் மான்குட்டி தாயைவிட்டு முன்னால் ஓடியது. பயந்து ஒதுங்கிய குரங்கையும் மயிலையும் தாண்டிவிட்டது.

புல் சரசரத்தது. நரியைக் காணோம். அடியிலிருந்து ஓர் ஊளை மட்டும் வந்தது.

குட்டி நின்றது. அதன் முன்கால் ஒன்று விளிம்பில் சறுக்கியது. மான் பாய்ந்து வந்து தன் கழுத்தைக் குறுக்கே போட்டு மறித்து, குட்டியைப் பின்னால் தள்ளியது. மண் பொலபொலவென்று பள்ளத்துக்குள் உதிர்ந்தது.



கவுதாரி விளிம்புக்கு ஓடிவந்தது. அப்போதுதான் அதற்குத் தன் உடம்பு தெரிந்தது. சிறகு இரண்டும் தானாக விரிந்திருந்தன. இந்த இடத்தில் அவை தினமும் விரிந்திருக்கின்றன. தினமும் ஒரே ஒரு சிறகடி, உடனே அந்தக் கரை. ஒரு நாள்கூட அது கவனித்ததில்லை.

கவுதாரி நடுங்கியது. பயத்தினால் கொஞ்சம். கோபத்தினால் நிறைய.

"நான் தப்பா எழுதிட்டேன்," என்றது. "என் கண்ணுக்கு இது படவே இல்லை. படாததைச் சொல்லத்தானே உங்ககிட்ட ஓலையைக் கொடுத்தேன்! ஒரே ஒரு தடவை நடந்திருந்தா போதுமே! அருமையாம்! ஆனந்தமாம்! அந்தக் குட்டி விழுந்திருந்தா மரத்துல என் பேர்தானே தொங்கும்?"

"எனக்குப் பிரியம், அதான் நல்லதா எழுதினேன்," என்று முனகியது குரங்கு.

"பிரியமா? என் நாலு வரியைக்கூட நீ படிக்கலையே! நரி அடிச்ச அடித்தல் வரைக்கும் உன் ஓலையில இருக்கு. அதை நான் நேத்தே பார்த்திருக்கணும். அருமைங்கிற சொல்லிலேயே மயங்கிட்டேன்."

"ஓலை ஓரத்துல இடம் பத்தலைன்னு நான் குறை சொன்னேனே," என்றது மயில்.

மான் அதைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மயில் தோகையை ஒடுக்கிக்கொண்டது.

"இவ எழுதினதுல ஒரு தப்பு இருந்துச்சு," என்றது மான். "யாருக்கும் வரும். பார்க்காமலே பார்த்தோம்னு எழுதினீங்களே, அதை எப்படிப் பொறுக்கிறது? உங்க மூணு பேரையும் நம்பித்தானே என் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்!"

"நாலு ஓலை இருந்துச்சு," என்றார் வாத்தியார், தலையைச் சொறிந்துகொண்டு.

"இருந்துச்சு வாத்தியாரே. ஒண்ணைப் படிச்சிருந்தா போதும்," என்றது முள்ளம்பன்றி.



கவுதாரி முள்ளம்பன்றியின் அருகே போனது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அதற்கு. "பள்ளம்ங்கிற சொல்லோட நிறுத்திட்டேன். அதுக்கு அப்புறம் என்ன எழுதியிருந்தே?"

"நடந்துகிட்டே சொல்றேன், வா. குட்டிக்குத் தாகம்," என்றது முள்ளம்பன்றி.

வலப்பக்கம் மருத மரம் வரை போய், தரை சேர்ந்த இடத்தில் திரும்பி, எல்லோரும் மடுவை அடைந்தார்கள். மான் முட்டி வரைக்கும் இறங்கி நெடுநேரம் குடித்தது. பொழுது சாய்வதற்குள் குட்டி அதன் மடியை முட்டத் தொடங்கியது.

கவுதாரி அங்கேயே உட்கார்ந்து புது ஓலையில் ஐந்து வரி எழுதியது. வாகை மரத்தடிக்கு வந்து வாத்தியாரிடம் நீட்டியது. அவர் எண்ண வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, உதடு அசைய அசைய எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். முடித்துவிட்டு எழுந்து, ஓலையோடு தானே கறுப்புப் பாறைப் பக்கம் நடந்து போனார். முள்ளம்பன்றியும் தன் வளைக்குப் போனது.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. எங்கோ ஓரமாகப் பிடித்து ஏறியிருக்கிறது. உடம்பெல்லாம் புழுதியும் ஒட்டுப்புல்லும். கையில் ஓர் ஓலை.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. என் வழியோலை இது. ஒரு அருமை போட்டுக் கொடுத்துடேன். நான் உனக்கு எழுதினேனா இல்லையா?"

கவுதாரிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. எழுத்தாணியை எடுத்தது. இரண்டு எழுத்தில் திட்டி முடித்திருக்கலாம். ஆனால் ஓலையை விரித்து முதலிலிருந்து கடைசி வரை படித்தது. மறுபடியும் படித்தது.

"உன் இரண்டாவது வரி எனக்குப் புரியலை. வழக்கமான இடத்தில் திரும்பவும்னு எழுதியிருக்கே. யாருக்கு வழக்கமான இடம்?"

"எல்லாருக்கும் தெரியுமே."

"தெற்கேயிருந்து வர்றவங்களுக்குத் தெரியாது. வா, நடந்து பார்த்துடலாம்."

"இப்பவா? எனக்கு இடுப்பே ஒடிஞ்சிருக்கு. மோசம்னே எழுதிக்கோயேன், போ!"

"பார்க்காம மோசம்னும் எழுத மாட்டேன்."

நரி வாயைக் கோணிக்கொண்டு, நொண்டி நொண்டி நாவல் மரத்து நிழலுக்குப் போய்விட்டது.

கவுதாரி தனியாக நின்றது. கோபம் இன்னும் தீரவில்லை. நரியின் ஓலையைச் சுருட்டிச் சிறகுக்கு அடியில் இடுக்கிக்கொண்டது. இனிச் சிறகு விரிந்தால் ஓலை விழுந்துவிடும். முதல் வரியில் சொல்லியிருந்த திசையில் திரும்பி, ஒவ்வோர் அடியாகத் தரையில் ஊன்றி, நடந்தே போனது.

நீதி: ஒருவர் எழுதியதை முழுதும் பார்க்காமல் புகழ்வதும் பொய், இகழ்வதும் பொய்; பார்த்து, அவருக்கு உதவும்படி எழுதுவதே கூடப் படிப்பவரின் கடமை.